பதினான்காம் நம்பர் கல்

வெள்ளைக்காரன் செத்த பிறகும் தன் இஷ்டத்துக்குத்தான் படுத்துக்கிடந்தான். மேட்டில் ஒருவன், பள்ளத்தில் ஒருவன், மர நிழலில் இரண்டு பேர். மலேசியாவில், ஈப்போ பக்கம் செமோர் ஊரைத் தாண்டி, சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருந்த எங்கள் வெள்ளைப்பாறைத் தோட்டத்துக் கல்லறை அப்படித்தான் இருந்தது. மொத்தம் முப்பத்தொரு கல். முதல் கல் 1904-இல் காய்ச்சலில் போன ஒரு துரையின் பெண்சாதிக்கு வைத்தது. கடைசிக் கல், கம்யூனிஸ்டுக் கலகம் நடந்த துப்பாக்கிச் சூட்டுக் காலத்தில் லாரியோடு மாட்டிக்கொண்ட ஒரு சின்னத் துரைக்கு. நடுவில் மலேரியா, பாம்பு, குடி. ஒவ்வொருத்தன் பெயரும், வயதும், எந்த ஊரிலிருந்து வந்தான் என்பதும் கல்லில் இருந்தது. கல்லில் போதாதென்று ஈப்போ தேவாலயத்து ரிஜிஸ்தரிலும் இருந்தது. சுற்றி நெஞ்சுயரக் கல்சுவர், இரும்புக் கதவு, பூட்டு. அதைக் கட்டியது எங்கள் ஆட்கள். பூட்டியது எங்களுக்காக.

எங்கள் சனத்துக்கு ஆற்றோரம் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று தலைமுறையைப் புதைத்த இடம். எத்தனை பேர் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்றைக்கு அங்கே எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது, நன்றாகக் காய்க்கிறது என்று கேள்வி.

நான் கனகராஜ். குனோங் ராபாட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். என் பெண்சாதி பாப்பா, அபுபக்கர் பாய் சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை, பிரமிளா. அவள் அந்தத் துரைமார் கல்லறைக்குள் இருந்தாள்.

1995-இல் நாங்கள் இன்னும் தோட்டத்தில்தான் இருந்தோம். பிள்ளைக்கு மூன்று வயது. டெங்கிக் காய்ச்சல் வந்து ஆறாம் நாள் போய்விட்டாள். சின்னப் பிள்ளையை நம் சனம் எரிப்பதில்லை, புதைக்கத்தான் வேண்டும். ஆற்றோரத்துக்குக் கொண்டுபோக எல்லாரும் தயாராக நின்றபோது பாப்பா வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். அதற்கு முந்தின வாரம்தான் அங்கே புதைத்த ஒரு கைக்குழந்தையைக் காட்டுப்பன்றி கிளறி எடுத்திருந்தது. அந்தத் தாய் கத்திய கத்தல் எங்கள் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது.

"எம் புள்ளைய பன்னிக்குப் போட மாட்டேங்க. செவுரு இருக்கற எடத்துல வைங்க. அது போதும் எனக்கு."

சுவர் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். கதவுச் சாவி காவலுக்கு இருந்த ஜாகா சன்னாசியிடம் இருந்தது. மழை கொட்டிய ஒரு மத்தியானம் அந்தக் கிழவர் பூட்டைத் திறந்துவிட்டு, "வெரசா முடிங்கப்பா, கெராணி கண்ணுல பட்டா எனக்கு வேல போயிரும்" என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அங்கே ஆலிஸ் என்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் கல் இருந்தது. ஐந்து மாதம், 1911. பிள்ளைக்குப் பிள்ளை துணை என்று அந்தக் கல்லுக்கு இடது பக்கம் இரண்டடி தள்ளித் தோண்டினேன். கையில் போட்டிருந்த இரண்டு கருப்புக் கண்ணாடி வளையலைப் பாப்பா கழற்ற விடவில்லை. அடையாளத்துக்கு ஒரு கூழாங்கல்கூட வைக்கவில்லை, பயம். போலீஸ் பாலாயில் கொடுத்த புதைப்புப் பேர்மிட்டில் ஆற்றோரம் என்றுதான் எழுதியிருந்தது. நானும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் தோட்டத்தை விற்றார்கள். லயத்தை இடித்தார்கள். கல்லறைக் கதவில் பூட்டும் துருப்பிடித்து விழுந்தது. நாங்கள் ஈப்போ பக்கம் வந்தோம். பாப்பாவுக்கு வேறு பிள்ளை தங்கவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் எல்லாரும் கல்லறைக்குப் போவார்கள் இல்லையா, நாங்கள் ஆலிஸிடம் போவோம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பாப்பா அந்தக் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து, வீட்டில் கறி என்ன வைத்தாள், மழை எப்படி ஒழுகியது என்று எல்லாம் சொல்வாள். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். நான் வேனில் காத்திருப்பேன். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். அந்த ஒரு நாளை வைத்து அவள் ஒரு வருஷத்தை ஓட்டிவிடுவாள்.

2010-இல் பட்டணத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பழைய கல்லறைகளைப் பாதுகாக்கிறவர்களாம். நல்லவர்கள்தான். நல்லவர்களால் வந்த கேடுதான் எனக்கு எப்போதும் வந்திருக்கிறது. கல் தாறுமாறாக இருப்பதால் புல் வெட்டும் மெஷின் போகவில்லை என்று, எல்லாக் கல்லையும் பிடுங்கி மூன்று நேர் வரிசையில் சிமெண்டு போட்டு நிறுத்த முடிவு செய்தார்கள். எலும்பைத் தொடவில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடக்க, கல் மட்டும் நடந்துபோய் வரிசையில் நின்றது. பழைய தோட்டத்து ஆள் கூலிக்கு வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் இருந்ததால் என்னால் மூன்றாம் நாள்தான் போக முடிந்தது.

போனபோது முப்பத்தொரு கல்லும் சுவரில் சாய்ந்திருந்தன. தரை முழுக்கச் சமப்படுத்தி, உருளை ஓட்டி, தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஆலிஸ் கல் எங்கே இருந்தது என்று வங்காளதேசத்துக் கூலியாளைக் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். நான் அந்தத் தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சுவரிலிருந்து எண்ணிப் பார்த்தேன், கதவிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் வந்து நின்றேன். என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. இதை இப்போது எழுதுவதற்கே வாய் கசக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே பாப்பா கேட்டாள்.

"கல்ல எல்லாம் நவுத்துறாங்களாம். புள்ள?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் வேறொன்றைச் சொன்னது.

"நானே எடுத்துட்டேன் பாப்பா. எல்லாரும் போன பெறவு. என் கையால எடுத்து, ஆலிசு கல்லு புதுசா நிக்கப் போற எடத்துல, அதுக்குக் கீழயே வெச்சேன்."

"வளையலு?"

"இருந்துச்சு. ரெண்டும் இருந்துச்சு. கூடவே வெச்சிட்டேன்."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சோப்பு போட்டுக் கழுவின கை, மண்கூட இல்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். பெற்றவளிடம் அந்தப் பழமொழி செல்லாது. அவள் நம்பத்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு பதினான்கு தீபாவளி. பதினான்கு தடவை அவள் வெறும் சிமெண்டிடம் உட்கார்ந்து கதை சொன்னாள். நான் வேனுக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வருஷம் சொல்லிவிடலாம், அடுத்த வருஷம் சொல்லிவிடலாம் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனாவது ஒரு வேளைச் சாப்பாட்டோடு விட்டிருப்பான்.

போன வருஷம் அந்த நிலத்துக்கு வீடு கட்டும் கம்பெனி வந்தது. கல்லறையை ஈப்போவுக்கு மாற்றுவதாகப் பேப்பரில் அறிவிப்பு. முப்பத்தொரு பேரையும் தோண்டி, தனித்தனிப் பெட்டியில் வைத்து, தேவாலயத்து இடத்தில் அடக்கம் செய்வார்களாம். பாய் கடையில் மீன் சுற்றி வந்த பேப்பரில் அதைப் பார்த்துவிட்டுப் பாப்பா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"நம்ம புள்ளையையும் எடுத்துறலாங்க. சொல்லிப் பாப்போம். மனுசங்கதானே?"

தேவாலயக் குழுவில் ரிஜிஸ்தர் வைத்திருந்தது புஷ்பலதா டீச்சர். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. பாப்பா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள், அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேர்மிட்ல வேற எடம் போட்டுருக்கும்மா. எழுதிக் கேட்டா நடக்காது. ஆனா ஆலிஸ் கல்லுக்குக் கீழ தோண்டறப்ப நான் பக்கத்துல நிப்பேன். உங்க புள்ளையோடது வந்தா உங்க கையில குடுக்கச் சொல்றேன். கேப்பாங்க."

அன்றைக்கு இரவு முழுக்கப் பாப்பா ஒரு வெள்ளைத் துணியைக் கையால் தைத்தாள். ஓரம் மடித்து, தலையணை உறை அளவுக்கு. நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தேன். அந்தக் காரியத்தில் எனக்குப் பயிற்சி அதிகம்.

தோண்டும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பவித்ரன் என்று ஒரு தமிழ்ப் பையன், முப்பது வயதிருக்கும், தோண்டும் கம்பெனியின் சூப்பர்வைசர். அவன் எங்களை மஞ்சள் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினான். சுகாதார இலாகாவிலிருந்து ஒரு அம்மா குடையோடு உட்கார்ந்திருந்தார். கல் இடம் மாறினது கம்பெனிக் காகிதத்தில் இல்லை, அதனால் ஒவ்வொரு கல்லும் இப்போது நிற்கிற இடத்துக்குக் கீழேதான் தோண்டுவார்கள். ஏதாவது கிடைத்தால் அதைக் கல் நம்பரோடு சேர்த்துப் படம் எடுத்து, பெட்டியில் வைத்து, பெயர் ஒட்டுவார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டு பிடி மண். நூறு வருஷமாகிவிட்டதால் கரைந்துபோயிருக்கும் என்று பவித்ரன் சொன்னான். பெரும்பாலான துரைமார் மண்ணாகத்தான் பெட்டிக்குள் போனார்கள். யார் மண் யார் பெயருக்குப் போகிறது என்று எனக்கு மட்டும் தெரியும், அதாவது யாருக்கும் தெரியாது என்று.

ஆலிஸ் கல் ஒன்பதாம் நம்பர். டீச்சர் சொன்னபடி பக்கத்தில் வந்து நின்றார். பாப்பா துணியை விரித்துக் கையில் வைத்துக்கொண்டாள். மூன்றடி தோண்டினார்கள், நான்கடி, ஐந்தடி. சிவப்பு மண். வேர்கூட இல்லை.

"இன்னுங் கொஞ்சம் கீழ பாருங்க தம்பி."

"ஆறடி ஆச்சு லா அக்கா. கன்னி மண்ணு. இங்க யாரையும் பொதைக்கவே இல்ல போலருக்கு." பவித்ரன் இரண்டு பிடி மண்ணை அள்ளி ஆலிஸ் பெட்டியில் போட்டான்.

பாப்பா என் பக்கம் திரும்பினாள். "வளையலு எங்கங்க? வெச்சேன்னு சொன்னீங்களே."

"மண்ணு தின்னுருக்கும்."

"கண்ணாடிய மண்ணு தின்னுமா?"

பாப்பா மூடிய குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் தோளில் கை வைத்து, வெயிலாக இருக்கிறது, கொட்டகைக்குள் உட்காருங்கள் என்றார். அவள் அசையவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மெஷின் போய்க்கொண்டே இருந்தது. இதோடு முடிந்துவிடும், மண் தின்றுவிட்டது என்று அவளும் நம்பிவிடுவாள், மீதிக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

பதினான்காம் நம்பர், மேனேஜர் ஹெரால்ட் விட்காம், நாற்பத்தாறு வயது. மூன்றடியிலேயே கூலியாள் கையைத் தூக்கி மெஷினை நிறுத்தச் சொன்னான். குழிக்குள் இறங்கி விரலால் கிளறினான். சல்லடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். ஏழெட்டுப் பல், அரிசி மாதிரி. இரண்டு கருப்பு வளையல், ஒன்று உடைந்தது, ஒன்று முழுசு. பவித்ரன் பதினான்கு என்று எழுதின பலகையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அப்போதே ஆபீசுக்கு அனுப்பினான்.

பாப்பா மஞ்சள் கயிற்றை எப்படித் தாண்டினாள் என்று தெரியவில்லை. சல்லடைக்கு முன்னால் மண்டிபோட்டு அந்த முழு வளையலைப் பார்த்தாள். தொடவில்லை. அது கிடந்த குழியைப் பார்த்தாள், அங்கிருந்து ஒன்பதாம் குழி எவ்வளவு தூரம் என்று பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீ எடுக்கவே இல்ல."

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை நீ என்றது அதுதான் முதல் தடவை.

"எடம் தெரியல பாப்பா. நான் போறதுக்குள்ள கல்ல எல்லாம் புடுங்கிட்டானுங்க. தேடுனேன், சத்தியமா தேடுனேன். ஒன் மொகத்தப் பாத்து சொல்ல முடியல."

"பதினாலு வருசம்."

"ஆமா."

"நான் அங்க ஒக்காந்து பேசறப்ப நீ வேன்ல இருந்த."

"ஆமா."

கூலியாட்கள்கூட வேலையை நிறுத்திவிட்டார்கள். டீச்சர்தான் முதலில் அசைந்தார். அந்த இலாகா அம்மாவிடம் போய் மலாயில் கெஞ்சினார். இது பெரியவரின் பல்லில்லை, பார்த்தாலே தெரிகிறது, தாயார் இங்கேயே இருக்கிறார் என்று. அந்த அம்மாவுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினார். பவித்ரன் வந்து எங்களிடம் குனிந்து சொன்னான்.

"அண்ணே, அக்கா, கேளுங்க. லிஸ்ட்ல முப்பத்தொன்னு, பெட்டி முப்பத்தொன்னு. படம் ஏற்கெனவே போயிருச்சு. இது வேற யாரோடதுன்னு சொன்னா வேலைய நிறுத்திட்டு போலீஸக் கூப்புடணும். அவங்க புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாங்க. கேஸ் நம்பர் போட்டு அலமாரியில வெப்பாங்க. யாரு பொதச்சா, ஏன் பொதச்சான்னு விசாரண வரும். திருப்பிக் குடுப்பாங்களான்னே சொல்ல முடியாது லா. இல்லன்னா..." அவன் பெட்டியைப் பார்த்தான். "இல்லன்னா லிஸ்ட்ல இருக்கற மாதிரியே போவும்."

நான் எழுந்தேன். "போலீஸே வரட்டும் தம்பி. நான்தான் பொதச்சேன்னு சொல்றேன். என்னையப் புடிச்சிட்டுப் போவட்டும்." உண்மையாகத்தான் சொன்னேன். பதினான்கு வருஷம் தாமதமாக வந்த வீரம்.

"நீ பேசாத," என்றாள் பாப்பா. பவித்ரனைப் பார்த்தாள். "இந்தப் பொட்டி எங்க போவும்?"

"ஈப்போ. தேவாலயத்து எடம். செவுரு இருக்கு, கேட்டு இருக்கு."

"யாரு பேரு போடுவீங்க?"

"விட்காம்னுதான் லா அக்கா போட முடியும்."

அவள் தைத்துக் கொண்டுவந்த துணியை அவனிடம் நீட்டினாள். "உள்ளுக்கு இத விரிங்க. மரம் குத்தும்." அவன் விரித்தான். பல்லையும் வளையலையும் அவளே எடுத்து வைக்கிறாளா என்று கேட்டான், பாவம், அவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. மூடியைத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். மேலே ஒரு துரையின் பெயரை ஒட்டினார்கள்.

வீடு திரும்பும்போது பாப்பா வேனின் கடைசி சீட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில், சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள்.

ஈப்போவில் அடக்கம் அடுத்த சனிக்கிழமை. புதுச் சிமெண்டுத் தொட்டிகள், வரிசையாக முப்பத்தொன்று. விமானம் ஏறி இங்கிலாந்திலிருந்து யாரும் வரவில்லை. குழுவிலிருந்து ஏழெட்டுப் பேர், டீச்சர், ஒரு போதகர், நாங்கள். போதகர் ரிஜிஸ்தரைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒரு பெயர், ஒரு பெட்டி, ஒரு ஜெபம். தோட்டத்தில் விடியற்காலை இருட்டில் எங்களை நிறுத்திக் கிராணி பேர் கூப்பிடுவாரே, பெரட்டு, அந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பதில் சொல்ல ஆளில்லை.

"ஹெரால்ட் விட்காம்."

"இருக்கா," என்றாள் பாப்பா.

சத்தமாகத்தான் சொன்னாள். போதகர் நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் தமிழில் ஜெபம் செய்தார். பெட்டியை இறக்கினார்கள். பாப்பா மூன்று தடவை மண் அள்ளிப் போட்டாள். அழவில்லை. குனிந்து, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல், நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, "அம்மா இருக்கேன். எடம் தெரிஞ்சிருச்சு. நான் வாரேன்" என்றாள்.

நான் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு முன்னால் போனேன். பெற்றவன்தானே. பாப்பா எழுந்து எனக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்றாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"நீ போடாத. அன்னிக்கு வீட்டுல ஒக்காந்தே வாயாலயே ஒரு தடவ பொதச்சிட்ட. அது போதும்."

போதகர் அடுத்த பெயரைப் படித்தார். ஆட்கள் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்கள், பாப்பா மட்டும் அங்கேயே நின்றாள். நான் கதவுக்கு வெளியே வந்து வேன் பக்கத்தில் நின்றேன். கையில் இருந்த மண்ணை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.